ஜீனோ பேசினால் போதும்

எண்பதுகளில் காரியாபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரத்தில் வாரப் பத்திரிகை வாங்கும் வீடுகளில் ஒரு வழக்கம் இருந்தது. தொடர்கதைப் பக்கங்களை வாராவாரம் கிழியாமல் பிரித்தெடுத்து, கதை முடிந்ததும் பைண்டிங்குக்குக் கொடுத்து வைத்துக்கொள்வார்கள். ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட விளம்பரம், பின்பக்கத்தில் முடிவு தெரியாத ஒரு ஜோக், நடுவில் தடித்த நூல் தையல். சாண்டில்யனும் சிவசங்கரியும் பல வீடுகளில் இந்த வடிவத்தில்தான் தங்கினார்கள். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வும் அந்த வரிசையில் சேர்ந்தது. ஆனந்த விகடனில் தொடராக வந்த இந்த நாவல் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தூர்தர்ஷனிலும் தொடராக வந்தது. தமிழில் ஒரு முழு விஞ்ஞான நாவல் தொலைக்காட்சிக்குப் போன கதை என்றால் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். அதற்கு அடுத்தது என்று சொல்லத்தான் திணறிப் போகிறோம்.

ஏன் அடுத்தது இல்லை என்று கேட்டால் ரெடிமேடாக ஒரு பதில் வரும்: பணம் இல்லை. விண்கலம், ரோபோ, வேற்றுக் கிரகம் எல்லாம் ஹாலிவுட்காரன் சமாச்சாரம், நம்மிடம் ஏது அவ்வளவு காசு. இந்தப் பதிலை நான் நம்பவில்லை. உலகத் தொலைக்காட்சியின் எண்பது வருஷக் கணக்கும் இதற்கு எதிராகத்தான் இருக்கிறது.

காரெல் சாபெக்கின் ‘ஆர்.யூ.ஆர்.’ நாடகத்தின் ஒரு பகுதியை பிபிசி 1938 பிப்ரவரியில் ஒளிபரப்பியது. முப்பத்தைந்து நிமிடம், ஸ்டுடியோவுக்குள், நேரலை. தொலைக்காட்சியில் வந்த முதல் விஞ்ஞானக் கதை என்று இதைத்தான் சொல்கிறார்கள். அதாவது இந்த வகை தொலைக்காட்சிக்கு வந்ததே தழுவலாகத்தான், அதுவும் செலவில்லாத தழுவலாக. 1954 டிசம்பரில் ஆர்வெல்லின் ‘1984’ வந்தது. நைஜல் நீல் எழுத, ருடால்ஃப் கார்ட்டியர் இயக்க, பீட்டர் குஷிங் நாயகனாக நடித்தார். இதுவும் நேரலைதான். ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை நடித்தார்கள். நாடாளுமன்றத்தில் கண்டனத் தீர்மானம் கொண்டுவரும் அளவுக்கு ரகளை ஆயிற்று. அதற்குள் வியாழக்கிழமை வந்துவிட, அதே நடிகர்கள் முதலிலிருந்து மறுபடி நடித்தார்கள். இன்று நமக்குக் கிடைப்பது அந்த இரண்டாவது நடிப்பின் பதிவு. நாட்டையே உலுக்கிய அந்தத் தயாரிப்பில் பிரமாண்டம் என்று காட்ட ஒன்றும் இல்லை. சுவர், சுவரில் ஒரு முகம், பயந்துபோன ஒரு மனிதன், அவ்வளவுதான்.

அதே பிபிசி, அசிமோவின் ‘கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்’ நாவலை 1964-இல் எடுத்தது. அதிலும் குஷிங்தான் துப்பறிவாளர். சில துண்டுகளைத் தவிர அது இப்போது இல்லை. ‘அவுட் ஆஃப் தி அன்நோன்’ என்று 1965 முதல் 1971 வரை ஒரு வரிசை வந்தது. பெரும்பகுதி பெயர்பெற்ற விஞ்ஞானக் கதைகளின் தழுவல்கள். மொத்தம் 49 அத்தியாயங்களில் 20 மட்டுமே முழுதாக மிஞ்சின. வீடியோ டேப் விலை அதிகம் என்று, பழையதை அழித்து அதிலேயே புதியதைப் பதிந்துகொண்டார்கள். பழைய நிகழ்ச்சியைக் காப்பாற்றவில்லையே என்று தூர்தர்ஷனை மட்டும் திட்டுகிறவர்கள் இந்தக் கணக்கையும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

பணம் பேசுமா, கதை பேசுமா என்பதற்கு 1980 ஜனவரியைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. அமெரிக்காவில் அந்த ஒரே மாதத்தில் இரண்டு தழுவல்கள் வந்தன. ஒன்று ரே பிராட்பரியின் ‘மார்ஷியன் கிரானிக்கிள்ஸ்’. என்பிசி மூன்று பாகங்களாக வெளியிட்டது. ராக் ஹட்சன் நடித்தார், ரிச்சர்ட் மாத்சன் திரைக்கதை எழுதினார், பெரிய இடத்துத் தயாரிப்பு. பத்திரிகையாளர்கள் முன்னால் பிராட்பரியே அதை அலுப்பூட்டுகிறது என்று சொல்லிவிட்டார். இன்னொன்று அர்சுலா லெ குவினின் ‘தி லேத் ஆஃப் ஹெவன்’. மக்கள் நன்கொடையில் ஓடும் பொதுத் தொலைக்காட்சிக்காக டல்லாஸ் நகரத்துக் கட்டடங்களுக்கு நடுவே சிக்கனமாக எடுத்தது. ஒருவன் கனவு கண்டால் உலகம் அதற்கேற்ப மாறிவிடுகிறது. மாறியது வேறு யாருக்கும் தெரிவதில்லை, எல்லாரும் எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று நினைக்கிறார்கள். இதைக் காட்ட என்ன செலவு? முந்தைய காட்சியில் இருந்த ஒன்று அடுத்த காட்சியில் இல்லாமல் இருந்தால் போதும். திட்டமிடும்போதே லெ குவினையும் கூட வைத்துக்கொண்டார்கள். அந்தப் படம் பிறகு வருஷக்கணக்கில் மறு ஒளிபரப்பு இல்லாமல் முடங்கிக் கிடந்தது. பீட்டில்ஸ் பாட்டு ஒன்று அதில் இருந்ததும், அதன் உரிமைச் சிக்கலும் அதற்கு ஒரு காரணம். 2000-இல் மீண்டும் வெளிவந்தபோது பாட்டை வேறொருவர் பாடிய வடிவத்தில் போட்டார்கள்.

மார்ஷியன் கிரானிக்கிள்ஸில் தொலைந்தது பிராட்பரியின் குரல். அந்தக் கதைகளில் செவ்வாய் கிரகம் ஒரு சாக்கு. சொல்கிறவனின் ஏக்கமும் நடையும்தான் சரக்கு. நடையை வெளியே விட்டுவிட்டுக் கிரகத்தை மட்டும் உள்ளே கொண்டுவந்தால் மிஞ்சுவது மணலும் பிளாஸ்டிக் வீடும்தான். நாவலின் கதையைக் காப்பாற்றி நாவலாசிரியனைத் தொலைப்பதுதான் இந்தத் தழுவல்களின் நிரந்தர வியாதி.

இதற்கு நல்ல மருந்து கண்டவர்கள் ‘ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி’ தயாரித்தவர்கள். டக்ளஸ் ஆடம்ஸ் இதை முதலில் எழுதியது 1978-இல் வானொலிக்காக. நாவல் அதற்குப் பிறகு, 1981-இல் ஆறு அத்தியாயமாகத் தொலைக்காட்சி. கதையின் சுவை முழுவதும் நடுநடுவே குறுக்கிடும் ஒரு வழிகாட்டிப் புத்தகத்தின் பேச்சில் இருக்கிறது. தயாரிப்பாளர்கள் அந்தப் பேச்சைக் குறைக்கவில்லை. வானொலியில் பேசிய பீட்டர் ஜோன்ஸையே பேச விட்டு, அவர் சொல்லச் சொல்லத் திரையில் எழுத்தும் படமும் ஓடவிட்டார்கள். பார்த்தால் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் போலவே இருக்கும். உண்மையில் ராட் லார்டின் குழு கையால் வரைந்து, பின்னாலிருந்து வெளிச்சம் பாய்ச்சி, ஒவ்வொரு ஃபிரேமாகப் படம்பிடித்த அனிமேஷன் அது. கம்ப்யூட்டரால் அப்போது முடியாததை மனிதர்கள் கம்ப்யூட்டர் மாதிரி வரைந்து ஏமாற்றினார்கள். அதே தொடரில் இரண்டாவது தலை வைத்த ஒரு பாத்திரம் வரும். அந்த ரப்பர் தலை படுமட்டம். யாரும் பொருட்படுத்தவில்லை. குரல் சரியாக இருந்தால் ரப்பர் தலையை ஜனங்கள் மன்னித்துவிடுகிறார்கள்.

இதை வைத்துக்கொண்டு ‘என் இனிய இயந்திரா’வுக்கு வருவோம். கதை நடப்பது 2021-22. இந்தியாவை ஜீவா என்ற தலைவர் ஆள்கிறார். பெயரில் இரண்டு எழுத்துக்கு மேல் கூடாது. பிள்ளை பெற அரசாங்கம் அனுமதிக்க வேண்டும். நிலாவுக்கு அனுமதி கிடைக்கிறது, ஆனால் கணவன் சிபி காணாமல் போகிறான். வீட்டில் குடிவரும் ரவியிடம் ஜீனோ என்ற இயந்திர நாய் இருக்கிறது. இந்தச் சுருக்கத்தில் நாவலின் சுவை கால்வாசிகூட இல்லை, ஏனென்றால் சுவை ஜீனோவின் வாயில் இருக்கிறது. புத்தகம் படிக்கிற நாய்; படித்ததை வைத்து மனிதர்களைச் சீண்டுகிற நாய்; தான் வெறும் மெஷின் என்று பணிவாகச் சொல்லிக்கொண்டே மற்ற எல்லாரையும்விட நிதானமாக யோசிக்கிற நாய். சுஜாதாவின் கிண்டல் மொத்தமும் அதன் வழியாகத்தான் வருகிறது. சொல்லப்போனால் ஜீனோதான் அந்த நாவலின் கதைசொல்லி, நான்கு காலோடு. பிராட்பரி கதைகளில் பிரித்தெடுக்க முடியாமல் போன குரல் இங்கே ஒரு பாத்திரமாகவே உட்கார்ந்திருக்கிறது. தழுவுகிறவனுக்கு இதைவிட என்ன சௌகரியம் வேண்டும்? நாயை எப்படிச் செய்வது என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, அதற்கு யார் குரல் கொடுப்பது என்பதில் தயாரிப்பின் பாதி உழைப்பைப் போடலாம்.

வாரப் பத்திரிகைத் தொடர் என்பதே ஏறக்குறைய தொலைக்காட்சி வடிவம்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு வாரத்துக்கு ஒரு கொக்கி, நீண்ட வர்ணனை கிடையாது, பாதிக்குமேல் உரையாடல். சுஜாதா பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்துகொண்டே எழுதியவர். அவர் எழுத்தில் மெஷின் வர்ணனை இரண்டு வரிக்கு மேல் போகாது. மெஷின் தெரிந்தவர் என்பதால் அதைப் பார்த்து அவருக்கு மலைப்பில்லை. மெஷினோடு வாழ நேர்ந்த மனிதர்கள்தான் அவருக்கு விஷயம்.

இந்த நாவலின் தொலைக்காட்சி ஒளிபரப்பில் அதிகம் பேசப்படாத விஷயம் ஒன்று உண்டு. நாவலின் பெரிய ரகசியம், ஜீவா ஓர் ஆள் இல்லை, ஹோலோகிராம் என்பது. மக்கள் தொழுகிற தலைவர் வெறும் ஒளிபிம்பம். இப்படி ஒரு கதை எங்கே வந்தது? பிரசார் பாரதி வருவதற்கு முன், நேரடியாக மத்திய அரசின் கையில் இருந்த தூர்தர்ஷனில். சன் டிவி 1993 ஏப்ரலில் வருவதற்கு முன்பு காரியாபட்டி மாதிரி ஊரில் தமிழுக்கு அந்த ஒரு சேனல்தான் கதி. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ வந்ததும் அதில்தான், தலைவர்கள் கொடியேற்றியதும் நாடாவை வெட்டியதும் அதில்தான். திரையில் மட்டுமே வாழும் தலைவரைப் பற்றிய கதையை, தலைவர்களைத் திரையில் மட்டுமே பார்த்த ஜனங்களுக்கு, அரசாங்கத் திரையே காட்டியது. நாவலைப் படிக்கும்போது இல்லாத ஒரு குத்தல் இதில் தானாகச் சேர்ந்துகொண்டது. தழுவல் மூலத்தைவிட ஒரு படி மேலே போக முடியும் என்றால் இப்படித்தான், ஊடகமே கதையில் ஒரு பாத்திரமாகிவிடும்போது.

சினிமா இதே சுஜாதாவை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. 2010-இல் ‘எந்திரன்’ வந்தபோது அவர் இல்லை; 2008 பிப்ரவரி 27-இல் காலமாகிவிட்டார். வசனத்தில் அவர் பங்கு உண்டு. ஜீனோவின் சாயல் படத்தின் ரோபோவான சிட்டியிடம் இருப்பதாகப் பலரும் சொல்வார்கள். நூற்றுக்கணக்கான ரோபோக்கள் உருண்டையாகவும் பாம்பாகவும் சேர்ந்து சண்டை போடும் கிளைமாக்ஸுக்குத்தான் காசைக் கொட்டினார்கள். ஆனால் நின்றது எது? கோர்ட் உத்தரவுப்படி சிட்டி தன்னைத் தானே கழற்றிக்கொண்டு, கழற்றக் கழற்றப் பேசிக்கொண்டே இருக்கும் காட்சி. அங்கே மறுபடி ஜீனோ.

சுஜாதா போன மூன்றே வாரத்தில், அதே ஆண்டு மார்ச் 19-இல், கொழும்பில் ஆர்தர் கிளார்க் காலமானார். 1956 முதல் இலங்கைவாசி. அவருடைய ‘சைல்ட்ஹுட்ஸ் எண்ட்’ 1953-இல் வந்த நாவல். அது தொலைக்காட்சித் தொடராக, மூன்று பாகமாக, 2015 வரை காத்திருந்தது. இருந்து பார்த்திருந்தால் கிளார்க் என்ன சொல்லியிருப்பாரோ, எனக்கு அது சுமார்தான். ஆனால் நம் கதையில் கிளார்க்குக்கு இன்னொரு பங்கு இருக்கிறது. பூமியைச் சுற்றி ஒரே இடத்தில் நிற்பதுபோல் சுழலும் செயற்கைக்கோள்கள் மூலம் உலகம் முழுக்க ஒலிபரப்பலாம் என்று 1945-இல் எழுதியவர் அவர். அந்த யோசனை பலித்து, தொண்ணூறுகளில் எங்கள் ஊர் மொட்டை மாடியில் டிஷ்ஷாக வந்து உட்கார்ந்தது. வந்ததும் வாராந்தரத் தொடருக்கு வேட்டு வைத்தது.

தமிழில் அடுத்த விஞ்ஞானத் தொடர் வராததற்கு உண்மையான காரணம் இங்கேதான் இருக்கிறது. தூர்தர்ஷன் காலத்தில் பதின்மூன்று வாரம் என்பது வழக்கமான அளவு. ஒரு நாவலுக்கு அது கச்சிதம். ஆரம்பிக்கும்போதே முடிவு தெரிந்திருக்கும். 1999-இல் ‘சித்தி’ வந்து, தினசரி மெகா சீரியல் ராஜ்ஜியம் நடத்தத் தொடங்கியதும் முடிவு என்பதே குற்றமாகிவிட்டது. ஆயிரம் அத்தியாயம் ஓட மாமியார் வேண்டும், சொத்துத் தகராறு வேண்டும், இரண்டாம் கல்யாணம் வேண்டும். விஞ்ஞானக் கதைக்கு உயிர் ஒரு ‘இப்படி இருந்தால்?’ என்ற கேள்வி. கேள்வி இருந்தால் பதில் வந்தாக வேண்டும், பதில் வந்தால் கதை முடிந்தாக வேண்டும். இழுக்க இழுக்க வளர்கிற சரக்கு இல்லை அது. பணத்தால் வராமல் போகவில்லை. முடியத் தெரிந்த கதைக்கு இடமில்லாமல் போனதால் வராமல் போனது.

இடையில் ‘மர்மதேசம்’ ஒன்று தப்பிப் பிழைத்தது. மதுரைக்காரரான இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கி, பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்தது. சன் டிவியில் வாராவாரம் வந்தது. ‘விடாது கருப்பு’ ஒளிபரப்பான நேரத்தில் தெருவில் நடமாட்டம் இருக்காது என்பார்கள், எங்கள் பக்கத்தில் அதில் மிகை குறைவு. காவல் தெய்வமும் கருக்கலும் பாழடைந்த வழியும் இந்தப் பூமிக்குப் புதிதில்லையே. அது விஞ்ஞானக் கதை இல்லைதான். ஆனால் பேய்க்கதைபோல நடத்திக்கொண்டே போய், மனித மனத்தின் பிளவை ஒரு விளக்கமாக முன்னால் வைத்த துணிச்சல் அதில் இருந்தது. கேள்வியை எழுப்பி, வாரக்கணக்கில் காக்கவைத்து, பதிலும் சொன்ன கதைக்குத் தமிழ் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்தார்கள். ஆக, பார்க்க ஆளில்லை என்ற சாக்கும் செல்லாது. அதன் பிறகு வந்தவர்கள் பேயை வைத்துக்கொண்டு கேள்வியை விட்டுவிட்டார்கள்.

ஓடிடி வந்து எட்டு அத்தியாயக் கணக்கு திரும்பியிருக்கிறது. பழைய பதின்மூன்று வாரத்தின் மறுபிறவி. இந்தக் காலத்தின் பெரிய தழுவல்களில் இரண்டைப் பார்க்கலாம். ஆப்பிளின் ‘ஃபவுண்டேஷன்’ 2021-இல் தொடங்கியது. அசிமோவின் மூலத்தில் நூற்றாண்டுகள் தாவுகின்றன. ஒரு கதையில் வந்த ஆள் அடுத்ததில் செத்துப்போயிருப்பான். தொடருக்கு இது ஆகாது. அதற்காக, ஒரே பேரரசனின் குளோன்கள் விடியல், பகல், அந்தி என்று மூன்று வயதில் ஒரே நேரத்தில் ஆள்வதாக ஒரு கற்பனையைச் சேர்த்தார்கள். அசிமோவிடம் இது இல்லவே இல்லை. அந்தத் தொடரில் எனக்குப் பிடித்ததும் இது ஒன்றுதான், மற்ற இடங்களில் அசிமோவின் பேச்சைக் குறைத்துத் துப்பாக்கியைக் கூட்டியிருக்கிறார்கள்.

லியூ சிசினின் ‘மூன்று உடல்’ நாவல் இன்னும் சுவாரசியமான வழக்கு. 2006-இல் சீனப் பத்திரிகையில் தொடர்கதையாக வந்தது. எண்பதுகளின் விகடன் வாசகனுக்கு இந்த வழி புரியும். 2008-இல் நூல், 2015-இல் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு ஹ்யூகோ விருது. 2023-இல் சீனாவின் டென்சென்ட் முப்பது அத்தியாயத்தில் வரி வரியாக எடுத்தது. 2024-இல் நெட்ஃபிளிக்ஸ் எட்டு அத்தியாயத்தில், பாத்திரங்களை லண்டனுக்குக் குடிமாற்றி எடுத்தது. கலாச்சாரப் புரட்சியில் ஒரு பேராசிரியரை மேடையில் அடித்துக் கொல்லும் காட்சி நெட்ஃபிளிக்ஸில் முதல் காட்சி. சீன நூலில் அதை நடுவே தள்ளிவைத்திருந்தார்கள், சீனத் தொடரில் வேகத்தைத் தணித்திருக்கிறார்கள். விசுவாசம் ஒருவரிடம், தைரியம் இன்னொருவரிடம் என்று ஆகிப்போனது. இதைப் பார்க்கும்போது, ஒரு சர்வாதிகாரி பொய்ப் பிம்பம் என்று சொன்ன கதையை நம் அரசுத் தொலைக்காட்சி ஒளிபரப்பியது லேசான காரியம் இல்லை என்று தோன்றுகிறது.

அயல் நாவலைத் தமிழில் தழுவினால் என்ன? என் ஓட்டு ஜான் விண்டமின் ‘டே ஆஃப் தி டிரிஃபிட்ஸ்’ நாவலுக்கு. 1951-இல் எழுதியது, 1981-இல் பிபிசி அரை மணி அத்தியாயங்கள் ஆறில் எடுத்தது, இன்றைக்கும் அதுதான் ஆகச் சிறந்த வடிவம். நடமாடும் கொடிய செடிகள் உலகைப் பிடித்துக்கொள்கின்றன என்றுதான் எல்லாரும் நினைவு வைத்திருக்கிறார்கள். ஆனால் விண்டம் அழுத்துவது வேறிடத்தில். அந்தச் செடியின் கொடுக்கு ஆபத்து என்று தெரிந்தேதான் வளர்த்தார்கள், ஏனென்றால் அதன் எண்ணெய்க்கு நல்ல விலை. இதை காரியாபட்டியிலிருந்து திருச்சுழி போகும் வழியில் நின்றுகொண்டு படித்தால் யாருக்கும் கோனார் நோட்ஸ் தேவைப்படாது. வேலிக்கும் விறகுக்கும் என்று வந்த சீமைக்கருவேலம் கண்மாயையும் தரிசையும் வளைத்துக்கொண்டு நிற்கிறது. வெட்டு என்று நீதிமன்றம் வரை விவகாரம் போயிற்று. மல்லியும் பருத்தியும் கைவிட்ட வருஷங்களில் கரிமூட்டம் போட்டுப் பிழைத்த குடும்பங்கள் அதே மரத்தை நம்பித்தான் அடுப்பு மூட்டின. ஒழிக்கவும் முடியாமல், ஒழித்தால் பிழைக்கவும் வழியில்லாமல் நிற்கும் அந்த நிலைதான் விண்டமின் நாவல். இங்கே எடுத்தால் செட் செலவே கிடையாது. கருவேலங்காட்டில் மாலை ஆறு மணிக்கு கேமராவை வைத்தாலே பாதிக் காட்சி கிடைத்துவிடும்.

‘டியூன்’ நாவலையும் நம் வானம் பார்த்த பூமிக்கு ஏற்றது என்பார்கள், தண்ணீர்ப் பஞ்சம் என்பதால். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. அதில் அரச வம்சமும் அவதார புருஷனும் தண்ணீரை முந்திக்கொள்கிறார்கள். 2000-இல் வந்த மூன்று பாகத் தொடரைப் பாலைவனத்துக்கே போகாமல் பிராக் நகர ஸ்டுடியோவில், பிரமாண்டமான பின்திரைகளை வைத்து எடுத்து ஒளிப்பதிவுக்கு எம்மியும் வாங்கினார்கள் என்பதை மட்டும் தயாரிப்பாளர்கள் காதில் போட்டு வைக்கலாம்.

சொந்தச் சரக்கும் இருக்கிறது. ஜெயமோகனின் ‘விசும்பு’ கதைகள் ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கு அளந்து வெட்டியது மாதிரி இருப்பவை. சுதாகர் கஸ்தூரியின் ‘6174’ எண் கணிதத்தையும் கோலத்தையும் கோத்து ஓடும் நாவல். எட்டு அத்தியாயத்துக்குத் தாராளமாக வரும். இருந்தாலும் முதலில் எடுக்க வேண்டியது ‘என் இனிய இயந்திரா’வும் அதன் தொடர்ச்சியான ‘மீண்டும் ஜீனோ’வும்தான், இரண்டையும் சேர்த்து. 2021 கடந்துபோய்விட்டதே, வருஷத்தை மாற்றலாமா என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். மாற்ற வேண்டாம். ஆர்வெல்லின் வருஷம் போய் நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது, யாரும் தலைப்பைத் திருத்தவில்லை. எண்பதுகளில் கற்பனை செய்த 2021-ஐ அப்படியே எடுக்கட்டும். கைக்குக் கை செல்போன் வந்துவிட்ட பிறகு, செல்போன் இல்லாத அந்த எதிர்காலத்தைப் பார்ப்பதே ஒரு வேடிக்கை. கேள்வி கேட்டால் பதில் சொல்லும் மெஷினோடு நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கிற பிள்ளைகள், எதிர்க்கேள்வி கேட்கும் ஜீனோவை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்றும் பார்க்கலாம். நாயை கிராஃபிக்ஸில் செய்வதா, பொம்மையாகச் செய்வதா என்ற பஞ்சாயத்தைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, குரல் தேர்விலிருந்து வேலையை ஆரம்பிக்கட்டும்.